காய்ச்சலில் வலிப்பு வந்தால் வாய்க்குள் கரண்டி வேண்டாம்

கேள்வி:

டொக்டர், நாங்கள் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிறோம். மகனுக்கு 19 மாதம். போன மாதம் ஒரு நாள் பின்னேரம் உடம்பு இலேசாகச் சுட்டது. பனடோல் சிரப் கொடுத்துப் படுக்கப் போட்டேன். இரவு பத்தரை மணி இருக்கும், கண் மேலே செருகி, கை கால் விறைத்து, உடம்பெல்லாம் அடிக்கத் தொடங்கிவிட்டது. உதடு நீலம். மாமி கரண்டிக் காம்பை வாய்க்குள் விட்டார், பக்கத்து வீட்டு அக்கா கையில் திறப்பைத் திணித்தார், யாரோ தலையில் வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். கணவர் மோட்டார் சைக்கிளை எடுக்க, நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். பாலம் தாண்டுவதற்குள் அடிப்பு நின்றுவிட்டது. ஆனால் உதடு கிழிந்து இரத்தம், முன்பல்லும் ஆடுகிறது. வாட்டில் மறித்து இரண்டாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சல் வலிப்பு என்று மட்டும் சொன்னார்கள், எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள், மேலே கேட்கப் பயமாக இருந்தது. இது காக்கை வலிப்பா? திரும்ப வருமா? மூளை பாதித்திருக்குமா, டவுனில் ஸ்கேன் எடுக்கவா? நான் காய்ச்சலைக் கவனிக்காமல் விட்டதால்தான் வந்தது என்று சொல்கிறார்கள். அதனால் இப்போது இலேசாகச் சுட்டாலும் அலாரம் வைத்து எழுப்பிப் பனடோல் கொடுக்கிறேன். 18 மாத ஊசி இன்னும் போடவில்லை, போட்டால் காய்ச்சல் வந்து திரும்ப வலிக்கும், வேண்டாம் என்கிறார் மாமி. அவருடைய மகனுக்கும், அதாவது என் கணவருக்கும், சின்ன வயதில் இப்படி வந்ததாம். இத்தனை வருசம் யாருக்கும் சொல்லவில்லை.

பதில்:

தங்கச்சி, இது காக்கை வலிப்பு இல்லை. ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து பேருக்குக் காய்ச்சலோடு இப்படி ஒரு வலிப்பு வருகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளை, சில பிள்ளைகளில் காய்ச்சலுக்கு இப்படித் துள்ளுகிறது. ஐந்து ஆறு வயதாகும்போது அநேகமாக அது போய்விடும். குடும்பத்தில் ஓடுகிற விசயம் இது. ஆகவே உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்டது கடைசி வரிதான். மாமி ஏன் மறைத்தார் என்பது விளங்குகிறது, நம்முடைய பக்கத்தில் வலிப்பு என்ற சொல் வாசலைத் தாண்டினால் பிறகு கலியாணப் பேச்சுவரைக்கும் போய் நிற்கும். ஆனால் அந்த மகன்தான் வளர்ந்து, குடும்பமாகி, யானை இறங்குகிற ரோட்டில் இரவு பத்தரைக்கு உங்களை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓட்டியிருக்கிறார். மூளைக்கு ஏதாவது ஆகிவிடுமா என்ற கேள்விக்கு நான் எழுதக்கூடிய எதையும்விட அது நல்ல பதில்.

திரும்ப வருமா என்றால், வரலாம். முதல் தடவை வந்த பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்கு இன்னொரு முறை வருகிறது, அதுவும் பெரும்பாலும் அடுத்த ஒரு வருசத்துக்குள். தகப்பனுக்கு வந்திருக்கிறது, காய்ச்சல் தொடங்கிச் சில மணித்தியாலத்திலேயே வலிப்பும் வந்திருக்கிறது, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் மகனுக்குச் சாத்தியம் கொஞ்சம் கூடத்தான். உங்களைப் பயப்படுத்த இதைச் சொல்லவில்லை, ஆயத்தமாக இருக்கத்தான் சொல்கிறேன். பிற்காலத்தில் காக்கை வலிப்பாக மாறுவது நூறு பேரில் ஒருவர் அல்லது இருவர்; காய்ச்சல் வலிப்பே வராத பிள்ளைகளிலும் நூறில் ஏறக்குறைய ஒருவருக்கு அது வரத்தான் செய்கிறது. சில நிமிடத்தில் நின்றுபோகும் இந்த வகை வலிப்பால் மூளை பழுதாவதில்லை, பேச்சு பிந்துவதில்லை, படிப்பு குறைவதும் இல்லை.

ஸ்கேன் வேண்டாம். மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் ஈ.ஈ.ஜி.யும் வேண்டாம். வலிப்பு பதினைந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், உடம்பின் ஒரு பக்கம் மட்டும் அடித்தால், 24 மணித்தியாலத்துக்குள் இரண்டு தரம் வந்தால், அல்லது வலிப்பு நின்ற பிறகும் பிள்ளை தன் நிலைக்குத் திரும்பாவிட்டால் கதை வேறு. அப்போது டொக்டர்மாரே யோசித்து எழுதுவார்கள், உங்களை இரண்டாம் நாள் வீட்டுக்கும் அனுப்பியிருக்க மாட்டார்கள். காசு கட்டி எடுத்த ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று வரும், அதற்காகப் பிள்ளையை மயக்கி வேறு வைக்க வேண்டியிருக்கும். தினமும் வலிப்புக் குளிசை கொடுக்கச் சொல்லி யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், இதற்கு அது தேவையில்லை.

இனி அடுத்த முறைக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன், ஏனென்றால் அன்று உங்கள் மகன் உடம்பில் பட்ட காயம் எதுவும் வலிப்பால் வந்ததில்லை. உதடு கிழிந்தது கரண்டியால், பல் ஆடுவதும் கரண்டியால்.

நாக்கை விழுங்கிவிடும் என்ற பயத்தில்தான் எல்லாரும் கரண்டியைத் தேடுகிறார்கள். நாக்கை யாராலும் விழுங்க முடியாது, அது அடியிலே ஒட்டியிருக்கிற தசை. வலிப்பில் நாக்கு கடிபட்டால் கொஞ்சம் இரத்தம் வரும், சில நாளில் ஆறிவிடும். ஆனால் இறுகிய பல்லுக்கிடையில் காம்பை நெம்பினால் பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாய்க்குள் போனால் அது வலிப்பைவிடப் பத்து மடங்கு ஆபத்து. விரலையும் வைக்காதீர்கள், கடிபடுவது உங்கள் விரல்தான். தண்ணீர், பனடோல், ஓதின தண்ணி, தேன் என்று எதையும் வாயில் விடாதீர்கள். அந்த நேரம் பிள்ளைக்கு விழுங்கத் தெரியாது, விட்டதெல்லாம் நெஞ்சுக்குள்தான் போகும். (ஆடுகிற பல்லைப் பல் டொக்டரிடம் ஒருக்கால் காட்டுங்கள், அதுவரை சோற்றைக் குழைத்துக் கொடுங்கள், கடித்துத் தின்கிற சாமான் வேண்டாம்.)

செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். பிள்ளையைப் பாயிலோ நிலத்திலோ ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயிலிருக்கும் எச்சிலும் வாந்தியும் தானாக வெளியே வழியும்படி முகம் சற்றுக் கீழ்ப்பார்த்து இருக்கட்டும். இடப்பக்கமா வலப்பக்கமா என்று யோசிக்க வேண்டாம், மல்லாக்கக் கிடக்கக் கூடாது, அதுதான் கணக்கு. கழுத்துப் பட்டனைக் கழற்றுங்கள், பஞ்சாயுதம், நூல் என்று கழுத்தில் இறுக்கமாக ஏதாவது கிடந்தால் அதையும். பக்கத்தில் கதிரைக்கால், மேசைக்கால் இருந்தால் நகர்த்துங்கள். பிறகு மணிக்கூட்டைப் பாருங்கள். இதை எல்லாரும் மறந்துபோகிறார்கள், பிறகு வாட்டில் எத்தனை நிமிடம் அடித்தது என்று கேட்டால் அரை மணித்தியாலம் என்பார்கள். கூட வந்தவரைக் கேட்டால் மூன்று நிமிடம் என்பார். பயத்தில் இருக்கும் தாய்க்கு அந்த மூன்று நிமிடம் அரை மணித்தியாலம்தான், அது பொய்யில்லை, ஆனால் எங்களுக்குச் சரியான நேரம் வேண்டும், மருந்தைத் தீர்மானிப்பதே அந்தக் கணக்கில்தான். வீட்டில் வேறு ஆள் இருந்தால் ஃபோனில் கொஞ்சம் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், முகநூலில் போடுவதற்கல்ல, டொக்டரிடம் காட்டுவதற்கு. கையும் காலும் அடிப்பதைப் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள், பிடிப்பதால் நிற்காது, எலும்புக்குத்தான் கேடு.

உதடு நீலமாவதைப் பார்த்ததும்தான் எல்லாருக்கும் உயிர் போய் வருகிறது. விறைத்துக் கிடக்கும்போது நெஞ்சுத் தசையும் விறைத்து மூச்சு சரியாக எடுபடாது, அடிப்பு நின்றதும் மூச்சு வந்து நிறமும் திரும்பும். நின்ற பிறகும் மூச்சு வரவில்லை என்றால் அது வேறு விசயம், உடனே செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் தொடங்க வேண்டும். அதை எழுதிப் படித்துப் பழக முடியாது. செஞ்சிலுவைச் சங்கமோ சென் ஜோன் அம்புலன்ஸோ முதலுதவி வகுப்பு நடத்தும்போது கணவனும் மனைவியுமாக ஒரு நாள் போய்ப் பொம்மையில் அழுத்திப் பழகுங்கள்.

திறப்பு விசயத்தில் பக்கத்து வீட்டு அக்காவோடு சண்டை வேண்டாம். இந்த வலிப்பு அநேகமாக இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நிற்கும். திறப்பைத் தேடி எடுத்து, சுருண்ட விரலை விரித்துக் கையில் வைப்பதற்குள் அந்த இரண்டு மூன்று நிமிடம் முடிந்துவிடும், பேர் திறப்புக்குப் போய்விடும். வெங்காயம் நசுக்கி மூக்கில் பிடிப்பதும் அதே கணக்குத்தான், ஆனால் வெங்காயச் சாறு கண்ணிலும் மூக்கிலும் எரியும், அது வேண்டாம். அக்காவுக்கு ஏதாவது செய்யாமல் இருக்க முடியவில்லை என்றால் கையில் ஃபோனைக் கொடுத்து அம்புலன்ஸுக்கு, 1990க்கு அடிக்கச் சொல்லுங்கள்.

வாளித் தண்ணீருக்கு மட்டும் நான் கோபப்படுவேன். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் தோல் இரத்தக்குழாய் சுருங்கும், உடம்பு நடுங்கும், நடுங்கினால் உள்சூடு இன்னும் ஏறும். அதோடு மூக்கிலும் வாயிலும் தண்ணீர் போகும். ஈரத்துணியால் துடைப்பதாலும் வலிப்பு நிற்காது. தொப்பி, கம்பளிச் சட்டையைக் கழற்றி ஃபேனைப் போட்டால் போதும்.

அப்புறம் மோட்டார் சைக்கிள். வேறு வழி இருக்கவில்லை என்பது தெரியும், ஆனாலும் சொல்கிறேன். வலிப்பிலோ அரை மயக்கத்திலோ இருக்கும் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் தலை பின்னாலோ முன்னாலோ தொங்கி மூச்சு அடைபடும், இருட்டில் அது உங்களுக்குத் தெரியவும் மாட்டாது. சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், 1990க்கு எந்த ஃபோனிலிருந்தும் அடிக்கலாம், தமிழில் கதைக்கலாம். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் கூப்பிட வேண்டும் என்றுதான் புத்தகத்தில் இருக்கும். வாவிக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்களுக்கு என் சொல் வேறு: தொடங்கின உடனேயே கூப்பிடுங்கள். வண்டி வருவதற்குள் நின்றுவிட்டால் நல்லதுதானே, எப்படியும் பிள்ளையைக் காட்டத்தான் வேண்டும். வீட்டு இலக்கம் சொல்லி யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள், கோயில், பள்ளிக்கூடம், சங்கக் கடை என்று இரவிலும் தெரியக்கூடிய அடையாளத்தைச் சொல்லி, ஒரு ஆளை டோர்ச்சோடு பிரதான வீதியில் நிறுத்துங்கள். அம்புலன்ஸ் பிந்தும் என்றால் ஆட்டோ. ஒருவர் மடியில் பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்தி மூச்சையே பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் ஈ.டி.யு., அதாவது அவசர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதோ அங்கே போங்கள். பெரியாஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று களுவாஞ்சிகுடியைத் தாண்டி மட்டக்களப்புக்கு ஓடுகிறவர்களையும், அந்தப் பக்கம் அக்கரைப்பற்றையும் கல்முனையையும் தாண்டி ஓடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். வலிப்பை நிறுத்தும் மருந்து அங்கேயும் இருக்கிறது, அதைப் போட்ட பிறகு மாற்றி அனுப்ப வேண்டுமென்றால் அவர்களே அனுப்புவார்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டின வலிப்பு தானாக நிற்பது குறைவு, அது நீள நீள நிறுத்துவதும் கஷ்டம், அதனால்தான் தூரத்தைவிட நேரத்தைப் பார்க்கச் சொல்கிறேன். ஆஸ்பத்திரி தூரமான வீடுகளுக்கு, மலவாசல் வழியாகக் கொடுக்கும் டயசிபாம் மருந்தை எழுதிக் கொடுத்து, எப்போது எப்படிக் கொடுப்பது என்று பழக்கியும் விடுவார்கள். எல்லாருக்கும் அது பொருந்தாது, மூச்சைக் குறைக்கக்கூடிய மருந்து. ஆனால் உங்கள் இடத்தைச் சொல்லி, அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

வலிப்பு நின்றதும் பிள்ளை அயர்ந்து தூங்கும், எழுப்பினால் சிணுங்கும், ஆளை அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். ஒரு மணித்தியாலம்வரை அப்படி இருக்கலாம். ஒருக்களித்தபடியே விடுங்கள், நன்றாக விழித்து உங்களைப் பார்த்து அழுத பிறகு பாலோ தண்ணீரோ கொடுக்கலாம். அன்றே டொக்டரிடம் காட்டுங்கள், முன்பு வந்ததுதானே என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். வலிப்பு எங்களுக்குப் பயமில்லை, எந்தக் காய்ச்சலால் வலிப்பு வந்தது என்பதுதான் பயம். கழுத்தை மடக்க விடாமல் விறைப்பாக இருத்தல், உச்சிக்குழி புடைத்தல், ஓயாத வாந்தி, எழுப்ப எழுப்ப எழும்பாத தூக்கம், கண்ணாடிக் கிளாஸை வைத்து அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், இவற்றில் ஒன்று இருந்தாலும் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், அங்கே விடியட்டும் என்ற பேச்சே கிடையாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கோ ஆறு வயதைத் தாண்டின பிள்ளைக்கோ காய்ச்சலோடு வலிப்பு வந்தால் அதை நான் காய்ச்சல் வலிப்பு என்று எடுக்கவே மாட்டேன், வேறு காரணம் தேட வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு வலிப்பே வேண்டாம், 38 பாகை செல்சியஸ், அதாவது 100.4 ஃபரனைட் காய்ச்சல் இருந்தாலே ஆஸ்பத்திரி.

இடையில் ஒன்று. குளிர்காய்ச்சலில் பல் கிட்டி உடம்பு நடுங்குவதைப் பார்த்தும் வலிப்பு என்று ஓடி வருகிறார்கள். நடுங்குகிற பிள்ளை உங்களைப் பார்க்கும், கூப்பிட்டால் அழும், கையை இறுக்கிப் பிடித்தால் நடுக்கம் அடங்கும். வலிப்பில் இருக்கும் பிள்ளை எங்கேயோ பார்க்கும், கூப்பிட்டாலும் கேட்காது, பிடித்தாலும் அடங்காது. சந்தேகமாக இருந்தால் வலிப்பு என்றே நினைத்து நடந்துகொள்ளுங்கள், நட்டம் ஒன்றுமில்லை.

பனடோல் விசயத்துக்கு வருவோம், உங்களைத் தூங்க விடாமல் செய்வது அதுதானே. அலாரத்தை நிறுத்துங்கள். பாரசிட்டமோல் காய்ச்சலைக் குறைக்கும், உடம்பு நோவைக் குறைக்கும், பிள்ளை கொஞ்சம் விளையாடும், குடிக்கும். அதற்காகக் கொடுக்கலாம். ஆனால் நேரம் தவறாமல் கொடுத்தாலும் அது காய்ச்சல் வலிப்பைத் தடுப்பதில்லை, இதைப் பல முறை ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள். பல பிள்ளைகளில் காய்ச்சல் இருப்பதே வலிப்பு வந்த பிறகுதான் தெரிய வரும். நீங்களோ சூடு கண்டதுமே மருந்தும் கொடுத்திருக்கிறீர்கள். ஆகவே தாய் கவனிக்காததால் வந்தது என்ற பேச்சை வீட்டில் யார் எடுத்தாலும், அப்படி இல்லை என்று டொக்டர் எழுதியிருக்கிறார் எனச் சொல்லி இந்தப் பந்தியை வாசித்துக் காட்டுங்கள்.

கொடுக்கும்போது அளவு பிள்ளையின் நிறையைப் பார்த்துத்தான், வயதைப் பார்த்தல்ல. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மி.கி. நம்முடைய பார்மசிகளில் சாதாரணமாகக் கிடைக்கும் சிரப்பில் 5 மி.லீட்டருக்கு 120 மி.கி. இருக்கிறது, அப்படியானால் 10 கிலோ பிள்ளைக்கு 150 மி.கி., கிட்டத்தட்ட 6 மி.லீ. ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நாலு வேளைக்கு மேல் போகக் கூடாது. போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், 250 மி.கி. சிரப்பும் இருக்கிறது, சொட்டு மருந்தாக வருவது இன்னும் கடுமை. குசினிக் கரண்டியால் அளக்காதீர்கள், ஒரு வீட்டுத் தேக்கரண்டி 3 மி.லீ. பிடிக்கும், இன்னொரு வீட்டுக் கரண்டி 7 பிடிக்கும். ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்று வாங்கி வையுங்கள். வாய்வழி சிரப் கொடுத்துவிட்டு, காய்ச்சல் இறங்கவில்லை என்று மலவாசல் குளிசையும் வைக்கிறார்கள் சிலர். இரண்டும் ஒரே மருந்து, சேர்ந்தால் ஈரல் பழுதாகும். அம்மம்மா பகலில் கொடுத்தது உங்களுக்குத் தெரியாமல், நீங்கள் இரவில் கொடுத்தது அவருக்குத் தெரியாமல் போவதும் இப்படித்தான், கலண்டரில் நேரத்தை எழுதி வைத்தால் சரி. தூங்குகிற பிள்ளையைப் பனடோலுக்காக எழுப்ப வேண்டாம்.

இங்கே மாரி தொடங்கி, கார்த்திகை முதல் தைவரை, எந்தக் காய்ச்சலையும் டெங்கு என்று சந்தேகித்துத்தான் பார்க்க வேண்டும். அதனால் பாரசிட்டமோலைத் தவிர வேறு காய்ச்சல் மருந்து வேண்டவே வேண்டாம். இபுபுரோஃபென், டைக்குளோஃபெனாக், மெஃபெனாமிக் அசிட், அஸ்பிரின், எந்தப் பெயரில் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள், டெங்குவில் அவை இரத்தக்கசிவைக் கூட்டும். பனடோலுக்கு இறங்காத காய்ச்சலை ஒரே மணித்தியாலத்தில் இறக்கிக் காட்டும் மருந்து என்று டிஸ்பென்சரியில் தந்தால், அது என்ன என்று பெயர் கேளுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் எஃப்.பி.சி. என்ற இரத்தப் பரிசோதனையை எடுங்கள். டெங்குவின் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் தொடங்கும். சூடு விட்டுவிட்டது, இனிப் பயமில்லை என்று எல்லாரும் மூச்சுவிடும்போதுதான் பிள்ளை சோர்ந்து, வயிறு நொந்து, கைகால் குளிர்ந்து போகும். சலம் போவதைக் கணக்கு வையுங்கள், ஆறு மணித்தியாலமாகப் போகவில்லை என்றால் உடனே காட்டுங்கள். இளநீர், கஞ்சி, பால், ஜீவனி (பைக்கற்றில் வரும் உப்புச் சீனிக் கரைசல்) எல்லாம் கொடுக்கலாம். ஜீவனி என்றால் பைக்கற்றை அரைவாசி அரைவாசியாகக் கரைக்காமல், முழுவதையும் ஒரு லீட்டர் கொதித்தாறின தண்ணீரில். சிவப்பு, கபில நிறக் குடிபானம் மட்டும் வேண்டாம், பிள்ளை வாந்தி எடுத்தால் அது இரத்தமா சோடாவா என்று எங்களுக்கே தெரியாமல் போகும்.

கடைசியாக ஊசி. 18 மாதத்தில் போடுவது முக்கூட்டு ஊசியும் போலியோ சொட்டும். முக்கூட்டு போட்ட அன்றோ மறுநாளோ காய்ச்சல் வரலாம், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான எம்.எம்.ஆர். என்றால் ஒரு கிழமை கழித்து வரும், மாமி சொல்வதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. காய்ச்சல் வந்தால் அந்தச் சந்தர்ப்பத்தில் வலிப்பு வரக்கூடிய பிள்ளைக்கு வலிப்பும் வரலாம், வந்தாலும் அது மற்றக் காய்ச்சலில் வருவது போன்றதுதான், வேறு வியாதியை உண்டாக்குவதில்லை. ஊசி போடாமல் விட்டால் வருவது குக்கல், ஏற்பு வலி, தொண்டைக்கரப்பன். அவற்றைக் கண்ட தலைமுறை இப்போது வீடுகளில் குறைந்துவிட்டது, மாமியின் தாயார் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அவருக்குத் தெரிந்திருக்கும். சின்னமுத்து ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் இலங்கையை அறிவித்தது, 2023இல் அது திரும்ப வந்துவிட்டது. ஊசி தவறின பிள்ளைகளைத்தான் அது முதலில் தேடிப் பிடிக்கும்.

ஆகவே 18 மாத ஊசியைப் போடுங்கள், மூன்று வயது எம்.எம்.ஆரையும் மறக்காமல். உங்கள் மிட்வைஃபிடம் முன்கூட்டியே வலிப்பு வந்ததைச் சொல்லுங்கள், மறைத்துப் போட வேண்டாம். எங்கே வைத்துப் போடுவது, எந்த வகை ஊசி, போட்ட பிறகு எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்று எம்.ஓ.எச். டொக்டர் (உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி) முடிவெடுப்பார். ஏற்கெனவே ஒரு மாதம் பிந்திவிட்டது, பிந்தினதால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வருகிற கிளினிக் நாளில் பிள்ளையின் ஊசிக் கார்டையும் ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், முடிந்தால் மாமியையும் கூட்டிக்கொண்டு. அவருக்கு இருக்கிற கேள்விகளை அவரே நேரில் கேட்கட்டும்.